ஹோம் கேலரியில் எதிரணி ஜெர்சி: பெங்களூரு கால்பந்து ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் கால்பந்து மாட்சுக்குப் போய்வரும் தமிழர்கள் நடுவே சில காலமாக ஒரே புகார். ஹோம் கேலரிக்கென்று டிக்கெட் வாங்கி உள்ளே போனால், முன் வரிசையிலும் பின் வரிசையிலும் எதிரணி ரசிகர்கள். கோல் விழுந்ததும் வாய்த்தகராறு, அப்புறம் தண்ணீர் கப் பறக்கிறது. குழந்தையோடு வந்தவர்கள் இடைவேளையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். எந்த டிக்கெட் ஆப் என்று பேர் சொல்லப்போவதில்லை. நாட்டில் பல மைதானங்களில் இதே கதைதான்.

கிரிக்கெட்டில் எல்லாரும் கலந்துதானே உட்காருகிறார்கள்? கால்பந்துக்கு மட்டும் எதற்குத் தனித்தனி கேலரி?

கிரிக்கெட்டில் ஒரு நாள் முழுக்க ஏற்ற இறக்கம் இருக்கும். ஒரு சிக்ஸர் போனால் அடுத்த ஓவரில் ஒரு விக்கெட் விழும், கோபம் அதோடு தணிந்துவிடும். கால்பந்தில் 90 நிமிடத்துக்கு ஒரு கோலோ இரண்டு கோலோதான். அந்த ஒரு கோலுக்காக மாட்ச் முழுக்க நின்றுகொண்டே பாடுகிற கூட்டம் இருக்கிறது. நடுவர் ஒரு விசில் ஊதினால் ஐந்தே விநாடியில் ஒரு கேலரி துள்ளிக் குதிக்கும், இன்னொரு கேலரி நொறுங்கிப்போகும். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்று யாரும் ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை.

2023 மார்ச் 3-ஐ நினைத்துப் பாருங்கள். பெங்களூரின் ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பிளே-ஆஃப், பெங்களூருக்கு எதிராகக் கேரளா. கூடுதல் நேரத்தில், 96-வது நிமிடத்தில், கேரள வீரர்கள் கோலை மறைத்துச் சுவர் மாதிரி வரிசையாக நிற்பதற்குள் பெங்களூரு வீரர் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை கோலுக்குள் தட்டிவிட்டார். நடுவர் கோல் என்றார். கேரளப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் வீரர்களை அழைத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். பிறகு அவருக்கு 10 மாட்ச் தடை, கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் என்றெல்லாம் தீர்ப்பு வந்தது. சேத்ரி செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறோம், அது இருக்கட்டும். அப்படி ஒரு நிமிடம் வரும் என்று மாட்சுக்கு முன்னால் யாருக்கும் தெரியாது. கேலரியைப் பிரித்துவைப்பது அந்தத் தெரியாத நிமிடத்துக்காகத்தான்.

பெங்களூரில் இந்தச் சிக்கல் ஏன் இவ்வளவு அதிகம்?

இங்கே எதிரணி ரசிகர் வெளியூரிலிருந்து வருவதில்லை, அதனால்தான். இங்கிலாந்தில் மான்செஸ்டர் ரசிகர் லண்டனுக்கு ரயிலில் வருவார். பிரீமியர் லீக் விதிப்படி எதிரணிக்கு 3,000 டிக்கெட், அல்லது மைதானக் கொள்ளளவில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது ஒதுக்கப்படும். அந்த டிக்கெட்டை விற்பது எதிரணி கிளப். வாங்குவது அந்த கிளப்பிடம் பேர் பதிந்த ஆள். ஆக, யார் எங்கே உட்காருவார் என்பது டிக்கெட் விற்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

நம் ஊரில் கேரள அணியின் ரசிகர் மடிவாளாவில் குடியிருக்கிறார். சென்னை அணியின் ரசிகர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவர். கோவாக்காரர், கொல்கத்தாக்காரர், வடகிழக்குப் பையன்கள் எல்லாருமே இங்கே வேலை பார்க்கிறார்கள், அல்லது படிக்கிறார்கள். மாட்ச் அன்று மெட்ரோ ஏறி கப்பன் பார்க்கில் இறங்கி நடந்தால் கண்டீரவா. ஆப்பைத் திறந்தால் எல்லா ஸ்டாண்டும் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. எதிரணிக்கென்று ஒதுக்கிய சின்ன ஸ்டாண்ட் முதலில் தீரும். தீர்ந்த பிறகு டிக்கெட் தேடி வருபவர் திரும்பிப் போவாரா? ஹோம் பக்கத்தில் ஒன்றை வாங்குவார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். கேரளா விளையாட வரும்போதெல்லாம் கேலரியில் அவர்கள் ஜெர்சியின் மஞ்சள் படர்வது புதுச் செய்தியும் அல்ல. வருஷா வருஷம் தெரிந்தே நடப்பதற்கு ஒவ்வொரு தடவையும் "எதிர்பாராத கூட்டம்" என்று விளக்கம் சொன்னால்தான் எரிச்சல் வருகிறது.

கேட்டில் எதிரணி ஜெர்சியைக் கழற்றச் சொல்கிறார்களே, அது போதாதா?

போதாது. பையில் மடித்து வைத்து உள்ளே போய்ப் போட்டுக்கொள்ள அரை நிமிடம் போதும். ஜெர்சியே இல்லாமல் வந்தாலும் கோல் விழுந்ததும் ஆள் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுவார். அதோடு, வாசலில் வைத்து ஒரு பெண்ணிடம் ஜெர்சியைக் கழற்று என்று சொல்வது என்ன நியாயம்? பதினைந்து வயதுப் பையனிடமிருந்து ஐந்நூறு ரூபாய் ஸ்கார்ஃபைப் பிடுங்கிக் குவியலில் எறிவதும் அப்படித்தான். அந்தப் பையன் உள்ளே வரும்போதே கோபத்தோடு வருகிறான்.

கேட்டில் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி, பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானம். 1985 மே 29, ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி, லிவர்பூலும் யுவெண்டஸும். லிவர்பூல் ரசிகர்களுக்குப் பக்கத்தில் இசட் என்று ஒரு பகுதி, எந்த அணியையும் சேராத உள்ளூர்க்காரர்களுக்கென்று ஒதுக்கியது. பெல்ஜியத்தில் இத்தாலியர்கள் நிறையப் பேர் குடியிருந்தார்கள். டிக்கெட்டுகள் அவர்கள் வழியாகவும் கள்ளச் சந்தை வழியாகவும் யுவெண்டஸ் ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்தன. நடுநிலைப் பகுதி என்று காகிதத்தில் இருந்த இடத்தில் நிஜத்தில் நின்றது எதிரணி. இடையில் இருந்தது ஒரு மெல்லிய வேலிதான். லிவர்பூல் பக்கத்திலிருந்து கூட்டம் அதை உடைத்துக்கொண்டு பாய்ந்தது, பின்வாங்கியவர்கள் ஒரு சுவரோடு நெருக்குண்டார்கள், சுவர் இடிந்தது. 39 பேர் இறந்தார்கள். பாய்ந்தவர்கள் குற்றவாளிகள், அதில் பேச்சே இல்லை. ஆனால் குடிபெயர்ந்தவர்கள் நிறைந்த ஊரில் "உள்ளூர்க்காரருக்கு மட்டும்" என்று டிக்கெட் விற்றால் அது யார் கைக்குப் போகும் என்று விற்றவர்கள் யோசிக்கவில்லை. பெங்களூரில் இருக்கிற நமக்கு இது ரொம்பவே பழகிய நிலைமை.

அப்படியென்றால் எதிரணி ரசிகர்களை உள்ளே விடாமல் இருந்துவிடலாமே?

இதைக் கேட்காத ஆளில்லை. அர்ஜென்டினாவில் 2013-ல் எதிரணி ரசிகர்களுக்குத் தடை போட்டார்கள். பிறகும் அங்கே ரசிகர் சண்டை ஒழிந்துவிடவில்லை, ஒரே கிளப்பின் கோஷ்டிகள் தங்களுக்குள் மோதிக்கொண்டன.

இந்தோனேசியாவின் மலாங் நகரில் 2022 அக்டோபர் 1 அன்று நடந்தது இன்னும் கொடுமை. கஞ்சுருஹான் மைதானத்தில் அரேமா அணி தன் பரம எதிரியான பெர்செபாயாவிடம் 3-2 என்று தோற்றது. பெர்செபாயா ரசிகர்களுக்கு அன்று அனுமதியே இல்லை. உள்ளே இருந்தது முழுக்க ஹோம் ரசிகர்கள். சிலர் ஆடுகளத்துக்குள் இறங்கியதும் போலீஸ் கேலரியை நோக்கிக் கண்ணீர்ப்புகை அடித்தது. மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்பது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி. மக்கள் கதவுகளை நோக்கி ஓடினார்கள், கதவுகள் குறுகலாகவும் சில மூடியும் கிடந்தன. 135 பேர் செத்தார்கள். எதிரணி ஆள் ஒருவர்கூட இல்லாத மைதானத்தில்.

பெங்களூரில் இந்தத் தடையை எப்படி அமல்படுத்துவீர்கள் என்பது வேறு விஷயம். ஆதார் அட்டையில் "எதிரணி ரசிகர்" என்று எழுதியிருக்காது.

நடுவில் கம்பி வேலி போட்டுவிட்டால்?

வேண்டவே வேண்டாம். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் மோதிய எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. இரு அணி ரசிகர்களும் சந்திக்கக் கூடாது என்று மைதானத்தை இரண்டாகப் பிரித்தார்கள், அதில் தப்பில்லை. ஆனால் நின்று பார்க்கும் லிவர்பூல் ரசிகர்கள் 10,100 பேருக்கு லெப்பிங்ஸ் லேன் பக்கம் கொடுத்தது 7 சுழல் கேட். வெளியே கூட்டம் முட்டியதும் போலீஸ் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட, எல்லாரும் நடுவிலிருந்த கூண்டு மாதிரி அடைப்புகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். முன்னால் உயரக் கம்பி வேலி. ஆடுகளத்துக்குள் தப்பிக்க வழியில்லை. 97 பேரின் உயிர் போனது. பழியை ரசிகர்கள் மேல் போட்டார்கள். அது பொய் என்று 2016-ல் தீர்ப்பு வருவதற்கு 27 வருடம் பிடித்தது.

பிரித்தால் மட்டும் போதாது, பிரித்த ஒவ்வொரு பங்குக்கும் தேவையான அளவு வாசல் வேண்டும். ஹில்ஸ்பரோவில் ஆளைக் கொன்றது அந்தக் குறைதான்.

சரி, ஒழுங்காகப் பிரிப்பது என்றால் எப்படி இருக்கும்?

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எதிரணி கேலரிக்குத் தனி கேட், தனி வரிசை, தனிக் கழிப்பறை, தனித் தண்ணீர்க் கடை. கழிப்பறையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு கேலரியையும் தனித்தனியாக வைத்துவிட்டு இடைவேளையில் எல்லாரையும் ஒரே கழிப்பறை வரிசையில் நிற்க வைத்தால், 45 நிமிடம் காத்த ஒழுங்கு 5 நிமிடத்தில் போய்விடும்.

இரண்டு கேலரிக்கும் நடுவில் சில வரிசைகளைக் காலியாக விட்டு மேலே வலையைப் போர்த்த வேண்டும். அதன் ஓரங்களில் ஆட்கள் நிற்க வேண்டும், முகத்தை ஆடுகளத்தின் பக்கம் வைத்தல்ல, கூட்டத்தின் பக்கம் வைத்து. நம் ஊரில் நிற்க வைக்கும் செக்யூரிட்டி அண்ணன்கள் பாதி நேரம் மாட்ச்தான் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, அன்றைய தினக்கூலிக்கு வருகிற ஆளுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் இதற்கென்று ஸ்டூவர்டுகள் என்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். தகராறு பெரிதாகும் முன் சிரித்துப் பேசித் தணிப்பதுதான் அவர்கள் வேலை.

மாட்ச் முடிந்ததும் ஒரு தரப்பை முதலில் வெளியே விட்டு, இன்னொரு தரப்பைப் பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளேயே இருக்கச் சொல்வார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கதவைப் பூட்டினால் அதுவே அடுத்த கலவரம். கண்டீரவாவைச் சுற்றியுள்ள சாலைகளிலும் மெட்ரோ நிலையத்திலும் இரண்டு கூட்டமும் எப்படியும் சந்திக்கும்தான். முன்னே பின்னே வந்தால் சூடு தணிந்திருக்கும்.

நம் நாட்டில் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா?

கொல்கத்தாவில் செய்கிறார்கள், அதுவும் பட்டுத் தெளிந்த பிறகு. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான்–ஈஸ்ட் பெங்கால் மாட்ச். இரு தரப்பும் ஒரே கேலரியில் கலந்து உட்கார்ந்திருந்தது. களத்தில் இரண்டு வீரர்கள் மோதிக்கொண்டதும் கேலரியிலும் அடிதடி, தள்ளுமுள்ளு. 16 ரசிகர்கள் உயிரோடு வீடு திரும்பவில்லை. அவர்கள் நினைவாக அந்த ஊரில் ஆகஸ்ட் 16 அன்று இன்றும் ரத்ததானம் செய்கிறார்கள். இப்போது சால்ட் லேக் மைதானத்தில் டெர்பி, அதாவது ஒரே ஊரின் இந்த இரண்டு அணிகளும் மோதும் மாட்ச், நடந்தால் யார் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்பது டிக்கெட்டிலேயே இருக்கும். அங்கேயும் இரு தரப்பும் ஒரே ஊர்க்காரர்கள்தான், ஒரே தெருக்காரர்கள்கூட உண்டு. எனவே "ஒரே ஊரில் இருப்பவர்களைப் பிரிக்க முடியாது" என்று நம் ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் பெங்களூரு அணியின் ரசிகன். ஹோம் கேலரியில் தமிழில் பேசினால் "சென்னை ஸ்டாண்டுக்குப் போ" என்கிறார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. பிரித்து உட்கார வைப்பதில் குளறுபடி இருந்தால், எதிரணி யார் என்று கேலரியே முடிவுசெய்ய ஆரம்பிக்கும். ஜெர்சி தெரியாவிட்டால் பேச்சை வைத்து முடிவுசெய்யும். காவிரிப் பிரச்சினையில் 1991-லும் 2016-லும் இந்த ஊர் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு, மாட்ச் கேலரியில் மொழியை இழுப்பது விளையாட்டாகத் தெரியாது.

சரித்திரம் தெரியாமல் சொல்கிறார்கள் என்று விட்டுவிடலாம். இந்த ஊர்க் கால்பந்தே ஆஸ்டின் டவுன், அல்சூர், கௌதமபுரம் சந்துகளில் வளர்ந்தது. அங்கெல்லாம் பந்து உதைத்தவர்களில் பெரும்பங்கு தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள். கௌதமபுரத்தில் பீலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். என்று கம்பெனி அணிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அசோக் நகர் மைதானத்தில் கேட்டதெல்லாம் தமிழும் கன்னடமும் உருதும் கலந்த கூச்சல்தான்.

நடைமுறைக்கு வருவோம். வாக்குவாதத்தில் இறங்காதீர்கள். உங்கள் ரசிகர் குழுவின் முன்னணி ஆட்களிடம் அன்றே சொல்லுங்கள். கேலரியில் பாட்டை ஆரம்பிப்பவர்கள் மனசு வைத்தால் ஒரே மாட்சில் இந்தப் பேச்சு நின்றுவிடும். அடி, மிரட்டல் என்று போனால் 112-ஐ அழையுங்கள்.

சென்னை அணியின் ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 மார்ச் 17 அன்று இதே கண்டீரவாவில் 3-2 என்று ஜெயித்து ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கிப் போனீர்கள், நியாயமான வெற்றி, ஒத்துக்கொள்கிறேன். அதை ஹோம் கேலரியின் நடுவில் நின்று நினைவூட்ட வேண்டாம்.

குடும்பத்தோடு போகலாமா?

போகலாம். பாடும் கூட்டம் இருக்கும் கேலரியையும் எதிரணி கேலரிக்கு ஒட்டிய பகுதியையும் தவிர்த்துவிட்டு, ஆடுகளத்தின் நீளவாக்கில் இருக்கும் கொஞ்சம் விலை கூடிய ஸ்டாண்டில் எடுங்கள். உள்ளே போனதும் இரண்டு வெளிவாசல்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்களிடம் ஆபாசமாகப் பேசுவது, தொடுவது பாரதிய நியாய சன்ஹிதா 75-வது பிரிவின்படி குற்றம். "மாட்ச்சில் இதெல்லாம் சகஜம்" என்று செக்யூரிட்டி சொன்னால் அவரோடு பேசிப் பயனில்லை, நேராக அங்கே இருக்கும் பெண் போலீஸிடம் போங்கள்.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு? கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார்களே?

மைதானம் மாநில அரசின் விளையாட்டுத் துறைக்குச் சொந்தம். வெளியே பாதுகாப்பு போலீஸ் கையில். டிக்கெட் விற்பது ஒரு ஆப். உள்ளே நிற்பது ஒப்பந்த செக்யூரிட்டி. ஆனால் கால்பந்து விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன: மைதானத்தின் உள்ளேயும் அதைச் சுற்றியும் ஒழுங்குக்கு மாட்சை நடத்தும் ஹோம் கிளப்தான் பொறுப்பு. ஃபிஃபாவின் ஒழுங்கு விதித் தொகுப்பு அப்படித்தான் சொல்கிறது. கிளப் மற்றவர்களோடு சேர்ந்து வேலையை முடித்துக்கொள்ளலாம், பொறுப்பை அவர்களிடம் தள்ளிவிட முடியாது.

2025 ஜூன் 4 அன்று சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே ஐ.பி.எல். வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்தவர்களில் 11 பேர் நெரிசலில் செத்தார்கள். கண்டீரவாவிலிருந்து அது நடக்கிற தூரம்தான். அதன் பிறகும் யார் அழைத்தது, யார் அனுமதி கொடுத்தது என்றுதான் பேச்சு ஓடியது. அதே வருடம் கர்நாடக அரசு கூட்டக் கட்டுப்பாட்டு மசோதா ஒன்றைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுவந்தது. கிரிக்கெட்டை நினைத்துக் கொண்டுவந்தார்கள் என்று கால்பந்து நடத்துபவர்கள் சும்மா இருந்துவிடக் கூடாது.

இடைவேளையிலேயே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்க முடியுமா?

கேட்கலாம். காசு வாங்கிக்கொண்டு பாதுகாப்பாக மாட்ச் பார்க்க வகைசெய்யாதது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைக் குறைபாடு என்று வாதாட இடமிருக்கிறது. முதலில் கிளப்புக்கும் டிக்கெட் விற்றவருக்கும் மின்னஞ்சலில் எழுதுங்கள். ஸ்டாண்ட், வரிசை, நேரம், அப்போது செக்யூரிட்டி சொன்னது எல்லாம் அதில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. டிக்கெட் விலைக்காக இவ்வளவு அலைச்சலா என்று கேட்பீர்கள். ஒருவர் அலைந்தால் வீண்தான், ஒரே மாட்சுக்கு ஐம்பது பேர் எழுதினால் படிக்காமல் இருக்க மாட்டார்கள்.

புகாரில் எதிரணி ரசிகரின் முகம் தெரியும் வீடியோவைப் பொதுவில் போடாதீர்கள். ஒருவர் தப்பான இடத்தில் டிக்கெட் வாங்கியதற்காக ஊரே அவரைத் தேடுவது அநியாயம்.

ரசிகர் குழுவாகக் கிளப்பிடம் என்ன கேட்க வேண்டும்?

நிறையக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. டிக்கெட் ஆப்பில் "நீங்கள் எந்த அணி" என்ற கேள்வி வர வேண்டும், அதற்கேற்ற ஸ்டாண்ட் மட்டும் திறக்க வேண்டும். பொய் சொல்பவர்கள் இருப்பார்கள், ஆனால் பெரும்பாலானவர்கள் தங்கள் ஆட்களோடுதான் உட்கார ஆசைப்படுவார்கள். கேரளா, சென்னை மாதிரி மாட்சுகளுக்கு எதிரணி ஸ்டாண்டைப் பெரிதாக்க வேண்டும். இதை நம் ரசிகர்களே எதிர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும், "நம் மைதானத்தில் அவனுக்கு எதற்கு இவ்வளவு இடம்" என்பார்கள். அவனுக்கு அங்கே இடம் கொடுக்காவிட்டால் அவன் நம் மடியில்தான் வந்து உட்காருவான். அப்புறம், ஏமாந்து தப்பான ஸ்டாண்டில் வந்துவிட்டவரை அடிக்காமல், அவமானப்படுத்தாமல், வேறு ஸ்டாண்டுக்கு மாற்றிவிட ஒரு மேசை. இந்த மூன்று போதும்.

என் சிநேகிதன் கேரளா, நான் பெங்களூர். சேர்ந்து உட்கார்ந்து பார்க்கவே முடியாதா?

முடியும். பல பேருடைய நிலைமை இதுதான், கணவன் ஒரு அணி, மனைவி ஒரு அணி என்ற வீடுகளும் இங்கே உண்டு. இவர்களுக்கென்று கலப்பு ஸ்டாண்ட் ஒன்று வைக்கலாம். ஜெர்சி எதுவானாலும் சரி, ஆனால் கோஷம், மேளம், பெரிய கொடி எதுவும் அங்கே கிடையாது. ஹெய்சலில் செய்த மாதிரி அதை எதிரணி கேலரிக்கு ஒட்டி வைக்கக் கூடாது. ஆடுகளத்தின் நீளவாக்கில், இரண்டு பாட்டுக் கூட்டத்துக்கும் தூரமாக, தனி கேட்டோடு இருக்க வேண்டும். அப்படி ஒன்று வரும்வரை, இரண்டு பேரில் ஒருவர் சாதாரணச் சட்டையில் போவதுதான் வழி. யார் என்பதை டாஸ் போட்டு முடிவுசெய்துகொள்ளுங்கள்.